இஞ்சி ரொட்டியும் நம்ம ஊர் வெல்லமும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில், நாமகிரிப்பேட்டையில் வீட்டோடு சிறு பேக்கரி நடத்திவரும் வேதியியல் துறை முன்னாள் மாணவி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாம் பெரிய பெரிய விஷயங்களைப் பேசினார்கள். ஒருவர் விண்வெளியைப் பற்றிச் சொன்னார். இன்னொருவர் வங்கித் தேர்வுக்கு எப்படிப் படிப்பது என்று சொன்னார். நான் ஒரு பிஸ்கட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் அந்தப் பிஸ்கட்டுக்குள் நாம் இங்கே மூன்று வருஷம் படித்த வேதியியல் இருக்கிறது, நம் மாவட்டத்து விவசாயம் இருக்கிறது, நம் பெண்களின் கூலியும் இருக்கிறது. கடைசியில் உங்கள் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோளும் வைக்கப் போகிறேன். அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

அந்தப் பிஸ்கட்டின் பெயர் ஜிஞ்சர்பிரெட் குக்கி. இஞ்சி ரொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரில் ரொட்டி என்று இருந்தாலும் இது கடித்தால் மெத்தென்று இருக்கும் இனிப்பு பிஸ்கட். மேல்நாடுகளில் கிறிஸ்துமஸ் வந்தால் வீட்டுக்கு வீடு சுடுவார்கள், நம் வீட்டில் தீபாவளிக்கு முறுக்கு சுடுகிற மாதிரி. கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட கதைத் தொகுப்பில், காட்டுக்குள் வழி தவறிய அண்ணனும் தங்கையும் தின்பண்டத்தால் கட்டிய ஒரு வீட்டைப் பார்ப்பார்கள் அல்லவா, அந்தக் கதை பரவிய பிறகு இஞ்சி ரொட்டியாலேயே வீடு கட்டிக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் வழக்கமும் பெருகிற்று.

"இது வெள்ளைக்காரன் பலகாரம், நமக்கு எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. என் மாமியாரே கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் பெயரைப் பாருங்கள். ஜிஞ்சர் என்ற சொல்லே நம் பக்கத்திலிருந்து போனதுதான் என்று மொழி அறிஞர்கள் சொல்கிறார்கள். நம்முடைய 'இஞ்சி வேர்' பாலி மொழியில் 'சிங்கிவேர' ஆகி, கிரேக்கத்தில் 'சிங்கிபெரிஸ்' ஆகி, லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'ஜிஞ்சர்' ஆயிற்று. தாவரவியல் மாணவர்கள் படிக்கிற 'சிஞ்சிபெரேசி' என்ற குடும்பப் பெயரிலும் அதே இஞ்சிதான் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் குடும்பத்தில் இன்னொரு உறுப்பினர் யார் தெரியுமா? எங்கள் ஊர் மஞ்சள். நாமகிரிப்பேட்டை என்றால் சங்கீதம் தெரிந்தவர்களுக்கு நாகஸ்வர வித்வான் கிருஷ்ணன் நினைவுக்கு வருவார். வியாபாரிகளுக்கு மஞ்சள் ஏலம் நினைவுக்கு வரும். விரலி, உருண்டை, பனங்காளி என்று மூட்டை மூட்டையாக ஏலத்துக்கு வருகிற மஞ்சளும், பிஸ்கட்டுக்குள் போகிற இஞ்சியும் பங்காளிகள். ஏலக்காயும் அதே குடும்பம்தான்.

அடுத்தது பண்டத்தைப் பாருங்கள். இஞ்சி, வெல்லம், நெய் மூன்றும் சேர்ந்தால் நம் வீட்டில் அதற்கு என்ன பெயர்? தீபாவளி லேகியம்! சுக்கு, திப்பிலி, ஓமம் எல்லாம் இடித்து, வெல்லப் பாகில் கிளறி, நெய் விட்டு இறக்கி, விடிகாலை எண்ணெய்க் குளியல் முடிந்ததும் ஒரு உருண்டை வாயில் போடுவார்கள். பண்டிகை நாளில் கண்டதையும் தின்னப் போகிறோம், வயிறு கெடக்கூடாது என்ற முன்யோசனை. ஐரோப்பாவிலும் இஞ்சி ரொட்டியை வயிற்றுக்கு நல்லது என்று சொல்லித்தான் அந்தக் காலத்தில் சாப்பிட்டிருக்கிறார்கள். பானகத்தில் சுக்கும் வெல்லமும். பஸ் ஸ்டாண்டில் கூவி விற்கிற இஞ்சி மரப்பாவிலும் இஞ்சியும் இனிப்பும். ஆக, இந்த ருசி நமக்குப் புதிது இல்லை. மாவும் சூட்டடுப்பும்தான் புதிது.

"அப்ப லேகியத்த மாவுல பெசஞ்சு சுடறேன்னு சொல்லு கண்ணு" என்றார் என் மாமியார். அதைவிடச் சுருக்கமாக இந்தப் பலகாரத்தை யாரும் விளக்க முடியாது.

இப்போது தேவையான சாமான்களுக்கு வருவோம். நாமக்கல் மாவட்டம் 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்தது. அந்த மாவட்டத்தின் வரைபடத்தை விரித்து வைத்தாலே இந்தப் பிஸ்கட்டுக்குப் பாதிச் சாமான் கிடைத்துவிடும். முட்டைக்கு நாமக்கல். நாடு முழுக்கத் தெரிந்த முட்டை ஊர். வெண்ணெய்க்கும் நெய்க்கும் ராசிபுரம். ராசிபுரம் நெய் என்றால் சேலம் கடைவீதியில் தனி மரியாதை. வெல்லத்துக்குக் காவிரிக் கரையோரம் பரமத்தி வேலூர், ஜேடர்பாளையம் பக்கத்துக் கரும்பாலைகளும் பிலிக்கல்பாளையம் வெல்லச் சந்தையும். மிளகுக்குக் கொல்லிமலை. மைதா மட்டும் நம் மண்ணில் விளைவதில்லை. அதற்கும் ஒரு வழி சொல்கிறேன்: மைதாவில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு, கொல்லிமலைச் சாமை மாவையோ தினை மாவையோ சேர்க்கலாம். பிஸ்கட் கெடாது, மணம் கூடும்.

வெளியூர்ப் பண்டத்தை உள்ளூர்ச் சாமானில் செய்வது ஒன்றும் நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று சொல்லப்படுவது கேரளத்துத் தலைச்சேரியில், 1883-இல், மாம்பள்ளி பாபு என்பவர் சுட்டது. பிரவுன் என்ற ஆங்கிலத் தோட்டக்காரர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த ஒரு கேக்கைக் காட்டி, இதைப் போலச் செய்ய முடியுமா என்று கேட்டாராம். மாஹேயில் கிடைக்கும் பிரெஞ்சு பிராந்தியைக் கலக்கச் சொன்னாராம். பாபுவோ முந்திரிப் பழத்தையும் கதலி வாழைப்பழத்தையும் புளிக்க வைத்த உள்ளூர்ச் சாராயத்தைக் கலந்து சுட்டார் என்று கதை சொல்கிறார்கள். தின்று பார்த்த பிரவுன் இன்னும் ஒரு டஜன் கேட்டாராம். நம் தூத்துக்குடியையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் பாதாம் பருப்பில் செய்கிற மக்ரூனை அவர்கள் முந்திரியில் செய்தார்கள். இன்று மக்ரூன் என்றால் நமக்குத் தூத்துக்குடிதான் நினைவுக்கு வருகிறது.

ஜெர்மனியில் நியூரம்பெர்க் என்று ஒரு நகரம். அங்கே சுற்றிலும் காடு, காட்டில் தேன். வாசனைச் சாமான் வியாபாரம் அந்த நகரத்தின் வழியாகப் போயிற்று. தேனும் மசாலாவும் ஒரே இடத்தில் சேர்ந்ததால் லெப்கூகன் என்ற இஞ்சி ரொட்டி வகை அங்கே தழைத்தது. 1996-இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பெயருக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. அந்த நகரத்தில் செய்ததை மட்டும்தான் நியூரம்பெர்க் லெப்கூகன் என்று விற்கலாம். நம் பக்கத்திலும் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இலும், ஊட்டி வர்க்கிக்கும் சேலம் ஜவ்வரிசிக்கும் 2023-இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு தின்பண்டம் ஒரு ஊருக்குப் பெயரும் பிழைப்பும் வாங்கிக் கொடுக்கும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சரி, இனிமேல் வகுப்பு. தங்கைகள் குறிப்பெடுத்துக்கொள்ளலாம். தம்பிகளும் எடுத்துக்கொள்ளலாம், அடுப்புக்கு ஆண் பெண் தெரியாது.

மெத்தென்ற பிஸ்கட்டுக்கும் மொறுமொறு பிஸ்கட்டுக்கும் என்ன வித்தியாசம்? ஒரே வார்த்தையில் சொன்னால் தண்ணீர். சுட்ட பிறகும் உள்ளே ஈரம் தங்கினால் மெத்தென்று இருக்கும். ஈரம் போய்விட்டால் நொறுங்கும். ஆகவே ஈரத்தை எப்படிப் பிடித்து வைப்பது என்பதுதான் இந்தப் பலகாரத்தின் முழு ரகசியம்.

அதற்கு முதல் துணை வெல்லம். மேல்நாட்டில் இதற்கு மொலாசஸ் ஊற்றுவார்கள். கரும்புச் சாற்றிலிருந்து வெள்ளைச் சர்க்கரையைப் பிரித்து எடுத்த பிறகு மிஞ்சுகிற கறுப்புப் பாகுதான் மொலாசஸ். வெல்லத்தில் அந்தப் பாகைப் பிரிக்காமல் உள்ளேயே வைத்திருக்கிறோம். அதனால் வெல்லத்தில் சுக்ரோஸ் மட்டும் இல்லாமல் கொஞ்சம் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் இருக்கின்றன. இவை ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் குணமுள்ளவை. மழைக்காலத்தில் வெல்லம் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் "வெல்லம் தண்ணி வுட்டுக்கிச்சு" என்று அலுத்துக்கொள்கிறோமே, அந்தக் குணம்தான் பிஸ்கட்டுக்குள் போய் நமக்கு உதவி செய்கிறது.

இரண்டாவது துணை சமையல் சோடா. அது சோடியம் பைகார்பனேட் என்று வேதியியல் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெல்லத்தில் லேசான அமிலத் தன்மை உண்டு. சோடாவும் அமிலமும் சேர்ந்தால் கரியமில வாயு வரும், மாவு எழும்பும். மிஞ்சுகிற காரத் தன்மை பிஸ்கட்டின் நிறத்தைச் சீக்கிரம் சிவக்க வைக்கும். ஆனால் சோடா அதிகமானால் சோப்புக் கட்டி மாதிரி நாக்கில் நிற்கும். ஒரு டீஸ்பூன் என்றால் தலை தட்டி ஒரு டீஸ்பூன்தான்.

மூன்றாவது, கை. மைதாவைத் தண்ணீரோடு அடித்துப் பிசைந்தால் குளுட்டன் என்ற பிசின் உருவாகும். பரோட்டாவுக்கு அது வேண்டும், பிஸ்கட்டுக்கு வேண்டாம். அதனால்தான் முதலில் வெண்ணெயைக் குழைத்து, மாவைக் கடைசியில் போட்டு, சேர்ந்து வந்ததும் நிறுத்திவிட வேண்டும். பரோட்டா மாஸ்டர் போல வீச வேண்டாம்.

நாலாவது, இஞ்சியா சுக்கா என்ற கேள்வி. பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரால். காயும்போது அது நீரை இழந்து ஷோகால் ஆகிறது. ஷோகா என்றால் ஜப்பானிய மொழியில் இஞ்சி. ஷோகாலுக்குக் காரம் இன்னும் அதிகம், அதனால்தான் கொஞ்சம் சுக்குப் போட்டாலே தொண்டை வரை இறங்குகிறது. இஞ்சியை வேகவைத்தால் ஜிஞ்சரோன் என்ற சாந்தமான வாசனைப் பொருள் உண்டாகிறது. எனவே காரத்துக்குச் சுக்குத் தூள், மணத்துக்குத் துளி பச்சை இஞ்சித் துருவல் என்று நான் இரண்டையும் போடுகிறேன்.

இப்போது அளவு. இது 24 பிஸ்கட்டுக்கு. மைதா 280 கிராம். வெண்ணெய் 150 கிராம். நாட்டுச் சர்க்கரை 175 கிராம். கெட்டி வெல்லப் பாகு 80 கிராம், அதாவது கால் டம்ளர். முட்டை ஒன்று. சமையல் சோடா ஒரு டீஸ்பூன். சுக்குத் தூள் இரண்டு டீஸ்பூன். பட்டைத் தூள் ஒரு டீஸ்பூன். கிராம்புத் தூள், மிளகுத் தூள், உப்பு ஒவ்வொன்றும் கால் டீஸ்பூன். இஞ்சித் துருவல் அரை டீஸ்பூன், வேண்டுமானால்.

வெண்ணெய்க்குப் பதில் நெய் போடலாமா என்று ராசிபுரத்துக்காரர்கள் கட்டாயம் கேட்பீர்கள். போடலாம். வெண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்குதான் கொழுப்பு, மீதி பெரும்பாலும் தண்ணீர். நெய் முழுக்கக் கொழுப்பு. ஆகவே 150 கிராம் வெண்ணெய்க்கு 120 கிராம் நெய்யும், குறைந்துபோன தண்ணீருக்கு இரண்டு மேஜைக்கரண்டி பாலும். நெய் உறைந்த மணலாக இருக்க வேண்டும், உருகி இருக்கக் கூடாது. முட்டை சாப்பிடாதவர்கள் மூன்று மேஜைக்கரண்டி கெட்டித் தயிர் ஊற்றலாம். தயிரின் புளிப்பு சோடாவுக்கு வேலை கொடுக்கும்.

பாகு காய்ச்சும் விதம்: 100 கிராம் வெல்லத்தைத் தட்டி, 30 மில்லி தண்ணீரில் கரைத்து, வடிகட்டி மண்ணை எடுத்துவிட்டு, தேன் பக்குவம் வரும் வரை கொதிக்க விட்டு இறக்குங்கள். கம்பிப் பதம் போகக் கூடாது. அதிரசத்துக்குப் பாகு வைத்த கை இருந்தால் இது ஒரு விஷயமே இல்லை. நன்றாக ஆறட்டும்.

வெண்ணெயையும் நாட்டுச் சர்க்கரையையும் குழைத்து, முட்டையை உடைத்து ஊற்றிக் கலக்கி, ஆறிய பாகை ஊற்றுங்கள். மைதா, சோடா, உப்பு, மசாலாத் தூள் எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு தடவை சலித்து அதில் போட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாவு கையில் ஒட்டும். பயந்துபோய் இன்னும் மைதாவைக் கொட்டாதீர்கள். மூடி ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெண்ணெய் இறுகும், மாவு ஈரத்தைக் குடிக்கும், மசாலா ஊறும். பிறகு எலுமிச்சம்பழ அளவு உருண்டை பிடித்து, நாட்டுச் சர்க்கரையில் லேசாகப் புரட்டி, இரண்டு அங்குல இடைவெளி விட்டுத் தட்டில் வைத்து உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். தடிமன் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. மெல்லியதாகத் தட்டினால் மொறுமொறுவென்று போய்விடும்.

அடுப்பை முன்கூட்டியே 175 டிகிரி சூட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, 9 அல்லது 10 நிமிஷம். இதுதான் முக்கியம்: எடுக்கும்போது நடுவில் வேகாத மாதிரி தெரியும், தொட்டால் அமுங்கும். அப்போதே எடுத்துவிட வேண்டும். தட்டின் சூட்டிலேயே மீதி வெந்து ஐந்து நிமிஷத்தில் நிலைத்துவிடும். "இன்னும் ரெண்டு நிமிசம் கிடக்கட்டுமே" என்று விட்டால் அடுத்த நாள் அதை வைத்துச் சுவரில் ஆணி அடிக்கலாம்.

மின்சார அடுப்பு இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். கனமான பழைய இட்லிப் பானையோ குக்கரோ போதும். குக்கர் என்றால் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. அடியில் இரண்டு விரல் தடிமனுக்குக் கல் உப்பைப் பரப்பி, ஒரு வளையம் வைத்து, மூடிப் பத்து நிமிஷம் சூடேற்றி, பிறகு பிஸ்கட் தட்டை உள்ளே வைத்துச் சிறு தீயில் 15 நிமிஷம் போலச் சுடலாம். அந்த உப்பை ஒரு டப்பாவில் போட்டு வைத்து அடுத்த முறைக்கும் வைத்துக்கொள்ளலாம். ஆறிய பிஸ்கட்டை இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் வைத்தால் ஐந்து நாளைக்கு மெத்தென்று இருக்கும். முதல் நாளைவிட இரண்டாம் நாள்தான் ருசி கூடுதல். லேகியத்துக்கும் அப்படித்தானே!

நம் ஊரில் டிசம்பர் கடைசி என்பது நல்ல காலம். அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கும். கிறிஸ்துமஸ், புது வருஷம், அதைத் தொட்டுப் பொங்கல் வரும். பொங்கல் பானையில் இஞ்சிக் கொத்தும் மஞ்சள் கொத்தும் கட்டுகிற மாதத்துக்கு முன்னோட்டமாக இஞ்சி ரொட்டி சுடுவதில் ஒரு பொருத்தம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. கிறிஸ்துவ வீட்டுக்குச் சுட்டுக் கொடுக்க ஆரம்பித்தேன். இப்போது தெருவில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் டிசம்பர் வந்தால், "அத்தே, லேகிய பிஸ்கட் போடலீங்களா?" என்று கேட்கிறார்கள். பெயர் மாறிவிட்டது. நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

இனி மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், வெளியூரில் ஒரு பெரிய பலகாரக் கடைக்கு மாதிரி கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். சாப்பிட்டுப் பார்த்தவர், "ருசி நல்லாருக்குதுங்க. ஆனா கறுப்பா இருக்குது. வெளுத்த வெல்லம் போட்டுக் கொஞ்சம் கலர் சேத்துக் கொண்டாங்க, மாசா மாசம் எடுத்துக்கறேன்" என்றார். எனக்கு அது பெரிய ஆர்டர். மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ரோஷத்தால் அல்ல, வெளுத்த வெல்லம் எப்படி வெளுக்கிறது என்று நான் படித்திருக்கிறேன், அதுவும் இந்தக் கட்டிடத்தில்.

கரும்புச் சாற்றைக் கொப்பரையில் காய்ச்சும்போது அழுக்கு நீங்கச் சுண்ணாம்பும், வெண்டைத் தண்டின் கொழகொழச் சாறும் சேர்ப்பது பழைய முறை. அப்படிக் காய்ச்சிய வெல்லம் பழுப்பாகத்தான் வரும். அதை மஞ்சளாக, வெளுப்பாகக் காட்ட 'ஹைட்ரோஸ்' என்று சொல்கிற சோடியம் ஹைட்ரோசல்பைட்டைப் போடுவார்கள். துணி ஆலையில் சாயத்தை எடுக்கப் பயன்படுகிற சரக்கு அது. எடையும் வெளுப்பும் கூடுவதற்காகச் சீனியைக் கொட்டிக் காய்ச்சுவதும் உண்டு. இதற்காகச் சோதனை போட்டு மூட்டைகளைப் பறிமுதல் செய்த செய்திகளை நீங்களே பேப்பரில் படித்திருப்பீர்கள்.

நான் வெல்லம் வாங்குகிற ஆலைக்காரரிடம் கேட்டேன். எந்த மருந்தும் போடாமல் எனக்காகத் தனியாகக் காய்ச்சித் தருகிறவர் அவர். "ஏனுங்க, எல்லாத்தையும் இப்படியே காச்சலாமில்லீங்களா?" என்றேன். அவர் சொன்னார்: "காச்சலாமுங்க. சந்தைக்குக் கொண்டுபோனா கறுப்பு வெல்லம்னு வெலையக் கொறைக்கறாங்க. வெளுத்ததுக்குத்தான் வெலை. வாங்கறவிங்க கண்ணு மாறுனாத்தான் எங்க கொப்பரை மாறும்."

வாங்குகிறவர்கள் யார்? நாம்தான். கடையில் போய் மஞ்சளாக இருக்கிற வெல்லத்தைப் பொறுக்கி எடுப்பது நாம்தான். அதே கண் மஞ்சளையும் பளபளவென்று கேட்கிறது. அந்தப் பளபளப்புக்காக ஈயம் கலந்த சாயத்தை மஞ்சளில் ஏற்றுகிற கொடுமை உலகத்தில் பல இடங்களில் நடந்து பிடிபட்டிருக்கிறது. மஞ்சள் விளைகிற ஊரில் வாழ்க்கைப்பட்டவள் என்ற முறையில் எனக்கு அது நெஞ்சைச் சுடுகிற விஷயம். நேர்மையாக விளைவிக்கிறவன் நிறம் மங்கலாக இருக்கிறது என்பதற்காக நஷ்டப்படுகிறான். நிறம் ஏற்றுகிறவன் லாபம் பார்க்கிறான்.

இந்த இஞ்சி ரொட்டி எனக்குப் பிடித்துப்போனதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. கறுத்த வெல்லம் போட்டால்தான் இது ருசிக்கும்; வெளுத்த வெல்லம் போட்டால் சப்பென்று போய்விடும். சந்தையில் ஒதுக்குகிற சரக்குக்கு மரியாதை கொடுக்கிற பலகாரம் இது. ஒரு பேக்கரியால் ஒரு ஆலைக்காரர் ஒரு கொப்பரையை மாற்றினார். நூறு வீடு கறுத்த வெல்லம் கேட்டால்?

அதனால் என் வேண்டுகோள் மூன்று.

முதலாவது, முன்னாள் மாணவர்களுக்கு. கடையில் கறுத்த வெல்லம் கேட்டு வாங்குங்கள். இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். இரண்டு ரூபாய் சேர்த்துக் கொடுக்கவும் தயங்காதீர்கள்.

இரண்டாவது, வேதியியல் துறைக்கு. வெல்லத்தில் சலவைச் சோடா கலந்திருக்கிறதா என்று பார்க்கக் கொஞ்சம் கரைசலில் சில சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் நுரைத்துக் காட்டும். கந்தகம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, அமிலம் சேர்த்துக் காய்ச்சி, வெளிவரும் கந்தக டை ஆக்சைடைப் பிடித்து டைட்ரேஷன் செய்து அளக்கலாம். பியூரெட்டும் பிப்பெட்டும் நம் ஆய்வகத்தில் இருக்கின்றன. ஆண்டுதோறும் பொங்கலுக்கு முன்னால் ஒரு வாரம், சுற்று வட்டாரத்து மக்கள் கொண்டுவருகிற வெல்லத்தை மாணவர்கள் சோதித்துச் சொன்னால் என்ன? செய்முறைத் தேர்வுக்குப் பழகின மாதிரியும் ஆயிற்று, ஊருக்கு உபகாரமும் ஆயிற்று. வேண்டிய ரசாயனச் செலவைச் சங்கம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். முதல் வருஷச் செலவில் பாதியை நான் தருகிறேன்.

மூன்றாவது, படித்துக்கொண்டிருக்கும் தங்கைகளுக்கு. இதை வீட்டில் சுட்டு விற்க நினைத்தால் தாராளமாகச் செய்யுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள். பொட்டலத்தின் மேல் என்னென்ன சேர்ந்திருக்கிறது, எப்போது சுட்டது, எத்தனை நாள் வரும் என்று எழுதுங்கள். முட்டை சேர்த்தால் பச்சைக் குறி போடக் கூடாது, பழுப்பு முக்கோணக் குறி போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கணக்கு நோட்டில் மைதா எவ்வளவு, வெண்ணெய் எவ்வளவு, கேஸ் எவ்வளவு என்று எழுதும்போது, உங்கள் கூலி எவ்வளவு என்றும் ஒரு வரி எழுதுங்கள். நம் பெண்கள் அந்த ஒரு வரியை மட்டும் எழுதுவதே இல்லை. "வீட்டுல சும்மா இருக்கற நேரத்துல செய்யறதுதானுங்களே" என்பார்கள். சும்மா இருக்கிற நேரம் என்று ஒன்று நம் அம்மாக்களுக்கு எப்போது இருந்தது? அந்த வரியை எழுதினால்தான் விலை சரியாக வரும். விலை சரியாக இருந்தால்தான் நல்ல வெல்லம் வாங்க முடியும். நல்ல வெல்லம் வாங்கினால்தான் ஆலைக்காரர் கொப்பரையில் மருந்து போடாமல் இருப்பார். ஒன்றைத் தொட்டு ஒன்று.

பேச்சை முடித்துக்கொள்ளும்படி செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சாப்பாட்டுப் பந்திக்குப் பக்கத்து மேஜையில் நான்கு டப்பா இஞ்சி ரொட்டி வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒன்றுதான் வரும், இரண்டு எடுக்காதீர்கள். கறுப்பாகத்தான் இருக்கும். சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.